எண் கேட்ட பெட்டிக்குள் எழுதப்பட்ட சொற்கள்

போன கிழமை கிருத்திகாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வவுனியா அலுவலகத்தில் நான் விட்டுவந்த மேசையில் இப்போது இருப்பவர் அவர். "அக்கா, எண் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வந்தால் எங்கள் வரைபு அங்கே கோட்டை அறுத்துவிடுகிறது. மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பட்டை ஒன்றைப் போட்டு, வந்த சொல்லை அப்படியே அதன்மேல் எழுதுகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். எடுத்துவிடலாம் என்று நிரலைத் திறந்தால் உங்கள் பெயரோடு ஒரு குறிப்பு இருக்கிறது: 'இதை எடுக்க வேண்டாம். காரணம் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்.' கேட்கிறோம் அக்கா" என்று எழுதியிருந்தார்.

காரணத்தை அந்த நிரலிலேயே எழுதியிருக்கலாம். எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. அதற்குள் என் பிழை ஒன்று இருக்கிறது. அந்தப் பிழைக்காக வேறொரு மனிதர் ஊர் நடுவில் அடி வாங்கினார். என் மகள் ஒரு பகல் கூரைமேல் இருந்தாள். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இப்போதாவது எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களும் வாசிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். எங்கள் நிறுவனம் செய்தது வரைபு வரையும் ஒரு மென்பொருள் நூலகம். பொதுமக்கள் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை. இணையப் பக்கம் செய்கிறவர்கள் அதைத் தங்கள் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு எண்களைக் கொடுப்பார்கள். அது கோடாகவோ தூணாகவோ வரைந்து கொடுக்கும். நெல் விலை, மழை, கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளின் நிறை, எதுவானாலும் சரி. வரைவது என் வேலை அல்ல. வரைவதற்கு முன் உள்ளே வருவதைச் சோதிப்பதும், ஒவ்வாதது வந்தால் மனிதருக்கு என்ன சொல்வது என்று எழுதுவதும்தான் என் வேலை.

யுத்த காலத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வரைபுத் தாளில் பென்சிலால் தூண் வரைந்தவள் நான். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, நெளுக்குளத்தில் குடியேறிய பிறகு நாற்பது வயதில் கணினி படித்தேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். மீதியைத் தவராசா சேரிடம் பழகினேன்.

நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறை, ஆறு பேர். நான் ஒரு பிழைச்செய்தி எழுதி முடித்தால் சேர் தன் கதிரையைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாடிக்கையாளராக மாறிவிடுவார்.

"நான் இப்ப உரக்கடைக்காரன். கடை பூட்டப் போறன், வெளியில பஸ் நிக்குது. சொல்லும், எனக்கு என்ன பிழைச்சது?"

"தவறான உள்ளீடு, சேர்."

"ஆற்ற தவறு? என்ரயோ? எந்த இடத்தில எண்டு சொல்லாமல் ஏசினா நான் உம்மட மெஷினைத் தூக்கி எறிஞ்சுபோட்டு பஸ் ஏறிடுவன்."

திரும்ப எழுதுவேன். 'நிறை என்ற பகுதியின் ஏழாம் வரியில் "12 கிலோ" என வந்துள்ளது. எண் மட்டும் தேவை: 12.' அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். "இப்ப கடையைப் பூட்டலாம். எந்த இடம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேணும். இந்த மூண்டும் இல்லாட்டி அது செய்தி இல்லை, ஏச்சு." இப்படி ஒரு நாளில் மூன்று செய்திகள்தான் முடியும். சில நாள் ஒன்றும் முடியாது.

இன்னொன்றும் சொல்வார். "வெறுமையும் பிழையும் ஒண்டில்லை. வெறுமை எண்டா ஆரும் கதைக்கேல்லை. பிழை எண்டா ஆரோ கதைச்சிருக்கினம், எங்களுக்கு விளங்கேல்லை." அதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறு குளங்கள் பதினொன்றின் நீர்மட்டத்தை இணையத்தில் காட்டுவது அவர்கள் திட்டம். குளத்துக்கு ஒரு காவலாளி. அவர் தண்ணீரில் நட்ட அளவுகோலைப் பார்த்து மட்டத்தைத் தொலைபேசிப் படிவத்தில் போடுவார். படிவத்தைச் சோதிப்பதும் வரைபை வரைவதும் எங்கள் நூலகம். பதினொன்றில் ஒரு குளத்திலிருந்து மட்டும் பிழை குவிந்தது. அந்தக் குளத்துக்குக் கீழே உள்ள ஊரில்தான் என் தங்கை வசந்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று ஒரு கோடையில் புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறிப் போனேன்.

காவலாளி செல்லமுத்து அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவரின் மகன். துருசு என்னும் மதகடியில் நடப்பட்டிருந்த பதினாலு அடிக் கோல்வரை தண்ணீரில் இறங்கிப் போவார். பாசியைக் கையால் துடைப்பார். தான் நடந்த அலை அடங்கும் வரை அசையாமல் நிற்பார். பிறகுதான் வாசிப்பார். பிழை அவர் வாசிப்பில் இல்லை. அவர் எண்ணுக்குப் பதிலாக 'அதே' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"மெஷினுக்கு எண்தான் வேணும் அண்ணை. 'அதே' எண்டா விளங்காது."

"அதேன்னா அதே தாங்க மிஸ். நேத்து நின்ன எடத்துலயே நிக்குது. மறுபடி எதுக்கு எழுதிக்கிட்டு? மெஷினுக்கு ஞாபகம் இருக்காதா?"

"அதுக்கு ஞாபகம் இல்லை அண்ணை."

"அப்ப அதுக்கும் ஒரு கொப்பி வாங்கிக் குடுங்க."

தன் கொப்பியைக் காட்டினார். திகதி, நேரம், அளவு, குறிப்பு என்று நான்கு பத்திகள். குறிப்புப் பத்தியில் 'காத்து', 'அலை ஜாஸ்தி', 'மாடு கோலை இடிச்சிருச்சு' என்றெல்லாம் எழுதியிருந்தார். தொலைபேசிப் படிவத்தில் அந்த நாலாவது பத்தி இல்லை. நான் அதைக் கண்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வந்து, 'அதே' என்று வந்தால் முந்தைய பெறுமானத்தை எடுக்கலாமா என்று சேரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்" என்றார்.

அதே வருடம் மாரி மழை தொடங்கும்போது சேருக்கு இருதய ஆபரேஷன். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்போது தொண்டு நிறுவனத்தின் திட்ட அலுவலர் தொலைபேசியில் வந்தார்.

"மிஸ், வெளிநாட்டுக்காரருக்கு முன்னால வரைபைத் திறந்தா நடுவில ஒரு பெரிய பிழைச்செய்தி. வெக்கமாப் போச்சு. ஆரோ ஒருத்தர் ஒரு சொல்லைப் போட்டதுக்கு முழு வரைபையும் நிப்பாட்டுறதோ?"

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். எண் இல்லாமல் வந்தவை எல்லாம் கோடை காலத்தவை. 'அதெ', 'அதேதான்', 'அதே மிஸ்'. எழுத்து மாறியதால் எங்கள் விதிக்குள் அகப்படாதவை. ஒவ்வொன்றாக விதி எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. இலக்கமே இல்லாமல் எது வந்தாலும் முந்தைய பெறுமானத்தை எடு என்று ஒரே வரி எழுதினேன். திரையில் பிழை காட்டாதே, உள்ளே பதிவேட்டில் மட்டும் குறித்துவை. படிவம் போட்டவருக்கு 'நன்றி. உங்கள் பதிவு கிடைத்தது' என்று சொல். அந்த வசனத்தை எழுதக் கொஞ்ச நேரம் எடுத்தேன், மரியாதையாக இருக்க வேண்டும் என்பதற்காக. சேருக்குச் சொல்லவில்லை. நோயாளியை ஏன் தொந்தரவு செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் அவர் விடமாட்டார் என்பதும் தெரியும்.

திட்ட அலுவலர் மறுநாளே எடுத்து, "இப்ப வடிவா இருக்கு மிஸ்" என்றார்.

என் மகள் நிலானி அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். புதுக்குடியிருப்பில் ஒரு நல்ல ரியூசன் வகுப்பு இருந்ததால் சோதினை வரைக்கும் வசந்தி வீட்டில் நின்றாள். மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை, பத்து இருபதுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, சித்தப்பா ட்ரக்டரில ஆக்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்துறார். நானும் போகட்டே? சித்தி மாட்டை விட்டிட்டு வரமாட்டாவாம். அவாவோட நிக்கட்டே?"

வரைபு என் முன்னாலேயே திறந்திருந்தது. காலை ஆறு மணியிலிருந்து கோடு பதின்மூன்றரை அடியில் தட்டையாகக் கிடந்தது. வான் என்ற வழிகால் பாயும் குளத்தில் மட்டம் ஏறாமல் நின்றால், வருகிற தண்ணீர் வானால் போகிறது, அணைக்கட்டுக்குப் பயமில்லை என்று அர்த்தம்.

"நாலு மணித்தியாலமா ஒரே மட்டம் பிள்ளை. ஏறேல்லை. சித்தியோட நில். நனைஞ்சு காய்ச்சல் வந்தா சோதினைக்கு என்ன செய்யிறது?"

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"எங்கட வரைபு பிள்ளை. எனக்குத் தெரியாதே?"

பதினொன்றரைக்குக் கட்டு ஓரிடத்தில் உடைந்தது. அதற்குப் பிறகு தொலைபேசி எடுபடவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து ட்ரக்டரில் படகு ஏற்றி வந்த மீனவர்கள் பொழுது சாய முன் அவளையும் வசந்தியையும் குசினிக் கூரையிலிருந்து இறக்கினார்கள். மாடுகள் கட்டின இடத்திலேயே போய்விட்டன. அந்தப் பகலைப் பற்றி நிலானி என்னிடம் இன்றுவரை ஒரு வசனம்தான் சொல்லியிருக்கிறாள். "மாடுகள் கத்தினது நிண்ட பிறகுதான் அம்மா பயம் வந்தது."

உயிர்ச்சேதம் இல்லை என்று கேட்டு எல்லாரும் ஆறுதல் பட்டோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் தொலைபேசியில் அந்த வரைபைத் திறந்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். காலை ஆறிலிருந்து ஒரே எண். வீட்டுக்குள் படுத்துக்கொண்டு ஒரே நம்பரை அடித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று பேச்சுக் கிளம்பியது. செல்லமுத்து அண்ணை தன் மனைவியைத் தேடி அங்கே வந்தபோது அடித்துவிட்டார்கள். வசந்தியின் புருசன்தான் எனக்குச் சொன்னார். "நல்லாக் குடுத்தாங்கள் மச்சாள்" என்றார். தொண்டு நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. விசாரித்து முடிவெடுக்க ஒரு கூட்டம் வைப்பதாகவும் அறிவித்தது.

அந்த அறிவித்தல் வந்த இரண்டாம் நாள் நான் பதிவேட்டைத் திறந்தேன்.

6.10 – 13½
7.05 – கோல் முங்கிருச்சு
8.00 – கோல் தெரியல இன்னும் ஏறுது
9.20 – கட்டுக்கு ஒரு மொழம் தான் கொறவு
10.15 – கீழ உள்ளவங்கள போகச் சொல்லுங்க
10.50 – யாராச்சும் பாக்குறீங்களா

முதல் வரியைத் தவிர மற்ற ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் வசனங்கள் இருந்தன. 'எண் இல்லை. முந்தைய பெறுமானம் 13½ எடுக்கப்பட்டது. பயனருக்குச் சொன்னது: நன்றி. உங்கள் பதிவு கிடைத்தது.' மகளிடம் 'நில்' என்று நான் சொன்னபோது நாலாவது செய்தி வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

கணினியை மூடினேன். பிறகு ஒன்பது நாள் யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு நான் வைத்திருந்த காரணங்களை இங்கே எழுதலாம். ஆறு பேரின் வேலை, சேரின் உடல்நிலை, நிலானியின் சோதினை. எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் பயம். நிலானி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அம்மா, மெய்யாவே ஏறேல்லையோ?"

"அப்பிடித்தான் காட்டினது பிள்ளை" என்றேன். அந்த வசனத்தில் பொய் இல்லை. அதனால்தான் அதைச் சொன்னேன்.

பத்தாம் நாள் சேர் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்து, நாலு படிக்கு ஒருதரம் நின்று நின்று ஏறினார். பதிவேட்டை அச்சடித்து அவர் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அன்று அவர் கடைக்காரனாகவும் மாறவில்லை, கதிரையைத் தள்ளவும் இல்லை. விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து இரண்டு முறை வாசித்தார்.

"இந்த மனுசன் ஐஞ்சு தரம் கதைச்சிருக்கிறார்."

"ஓம் சேர்."

"எத்தினை நாளா உமக்குத் தெரியும்?"

"ஒன்பது நாள்."

ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு சொன்னார்: "பிழை எங்கட எண்டு கடிதம் நான் எழுதுறன். கூட்டத்தில வாசிக்கிறது நீர். ஆனா அதுக்கு முதல் அந்த மனுசனிட்டப் போம். அவருக்குத் தெரியாமல் அவரைக் காப்பாத்தப் போகக் கூடாது. பிள்ளையிட்டயும் சொல்லும்."

நிலானியிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன்.  வாசித்துவிட்டு, "அப்ப அவர் சொன்னவர்" என்றாள். நீங்கள்தானே என்னை நிற்கச் சொன்னீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

செல்லமுத்து அண்ணையின் வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு இடுப்பு உயரத்தில் இருந்தது. அவருடைய ஒரு கண்ணில் இன்னும் இரத்தம் கட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் அவர் மனைவி வாசலை மறித்துக்கொண்டார்.

"இன்னும் என்னத்த எழுதிக்கிட்டுப் போக வந்தீங்க?"

"விடு புள்ள. உள்ள வரட்டும்" என்றார் அவர்.

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தன் சொற்களை உதடு அசைய வாசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஆச்சரியம்தான் வந்தது.

"எல்லாம் வந்திருக்கே."

"வந்தது அண்ணை. காட்டேல்லை. சொல் வந்தா முந்தின நம்பரைப் போடு எண்டு நான்தான் எழுதினனான். 'அதே' எண்டு போடுவீங்கள்தானே, எல்லாம் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்."

"ஆனா நன்றின்னு வந்துச்சுங்களே மிஸ். அஞ்சு வாட்டியும் நன்றின்னு வந்துச்சு. விவசாயிங்க அமைப்பு செக்கட்டரிக்கு அடிச்சேன், லைன் கெடைக்கல. சரி, இதுலயாச்சும் சேந்துருச்சு, ஆளுங்க எறங்கியிருப்பாங்கன்னு நெனச்சு கட்டுல மண் மூட்ட அடுக்கிட்டிருந்தேன். கடசில மட்டும் சந்தேகமாப் போச்சு, யாராச்சும் பாக்குறீங்களான்னு கேட்டேன். அதுக்கும் நன்றின்னு வந்துச்சு." தாளை மடித்தார். "இல்லேன்னா ஓடிருப்பேன். ஓடுனா ஊருக்கு இருவது நிமிசம்."

"அந்த நன்றியையும் நான்தான் எழுதினனான்."

"நல்ல தமிழ்ல எழுதியிருந்தீங்க" என்றார். குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

பிறகு எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். "இது யாரு?"

"என்ர மகள். கூரையில இருந்தவள்."

"பாப்பா, நான் சொன்னேன்" என்றார் அவளிடம்.

"ஓம் ஐயா. வாசிச்சனான்" என்றாள் நிலானி.

கூட்டம் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கட்டடத்தில் நடந்தது. நேரத்தோடு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பத்தே காலுக்கு வந்த வரியை வாசித்தபோது பின்னாலிருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். திட்ட அலுவலர் குறிப்பேட்டில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினார். "கோளாறு இல்லை, நான் எழுதின விதி எண்டு போடுங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வெட்டி எழுதினார். அடித்தவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து வசந்தியின் புருசன் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுபோய் செல்லமுத்து அண்ணையிடம் கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார். அவர் மனைவி அதைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி நின்றார்.

அவரைத் திரும்பவும் வேலைக்கு எடுத்தார்கள். தொண்டு நிறுவனம் எங்களோடு இருந்த ஒப்பந்தத்தை அந்த வருடக் கடைசியோடு முடித்துக்கொண்டது. அலுவலகத்தில் ஆறு பேர் நாலு பேரானோம். போன இருவரும் என்னோடு நல்ல மாதிரித்தான் விடைபெற்றார்கள். அதையும் தாங்க முடியவில்லை.

கிருத்திகா, நீங்கள் கேட்ட பட்டையை நான் எழுதியது அந்தக் கூட்டத்துக்கு அடுத்த கிழமை. விளங்காத சொல் வந்தால் கோடு அறுந்துதான் தெரிய வேண்டும். வந்த சொல் வந்தபடியே தெரிய வேண்டும். போட்டவருக்கு நன்றி சொல்லக் கூடாது. 'இது எண் இல்லை. நீங்கள் எழுதியதை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. அவசரமானால் வேறு வழியில் சொல்லுங்கள்' என்று வர வேண்டும். அந்த வசனத்தைச் சேரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமலே தலையசைத்தார். அசிங்கமாக இருக்கிறது என்று சொல்கிற வாடிக்கையாளருக்கு நிறத்தை மாற்றிக் கொடுங்கள், மெல்லியதாக ஆக்கிக் கொடுங்கள். எடுத்துவிட வேண்டாம்.

செல்லமுத்து அண்ணை இப்போதும் அளவு போடுகிறார். இப்போது தொண்டு நிறுவனம் வேறு ஒருவருடைய மென்பொருளை வைத்திருக்கிறது. போட்டுவிட்டு, மாரி மாதங்களில் எனக்கும் ஒரு அழைப்பு எடுப்பார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், எனக்குச் சொல்லி ஒரு பயனும் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"மிஸ், ஒம்பது அடி நாலு."

"சரி அண்ணை."

"சரின்னு சொல்லாதீங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க."

"ஒன்பது அடி நாலு அங்குலம்."

அதற்குப் பிறகுதான் வைப்பார்.

நேற்றுக் காலை மழை இருட்டிக்கொண்டிருந்தது. நான் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தொலைபேசி அடித்தது. நிலானி எடுத்தாள். சோதினை எழுதி, பெறுபேறு போதாமல், இரண்டாம் முறைக்கு வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய குரல் வெளியே கேட்டது.

"பத்து அடி ரெண்டு அங்குலம். ஓம் ஐயா, விளங்குது. நேற்றையில இருந்து பத்து அங்குலம் ஏறியிருக்கு."

நான் உடுப்புகளோடு உள்ளே வந்தபோது அவர் வைத்துவிட்டிருந்தார். அவள் இன்னும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.